வெட்டுப்பட்ட கசெட்டில் வளர்ந்த கிட்டார்காரர்

ஒலிமேசைக்குப் பின்னால் நிற்பவனை, எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்காவது ஒரு கீச்சுச் சத்தம் எழுந்தால் மட்டும் மண்டபமே திரும்பி அவனை முறைக்கும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள், இருந்து தப்பி ஓடியவர்கள், இதைச் செய்பவரைக் கலியாணம் முடித்து அவதிப்படுபவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

சிறுவயதிலேயே அம்மாவோடு யாழ்ப்பாணத்திலிருந்து ஜேர்மனிக்கு வந்தவன் நான். பீலெஃபெல்டில் வளர்ந்து, மேடை ஒலி வேலைக்கான தொழிற்பயிற்சியை அங்கேயே முடித்தேன். வார இறுதியில் நம்மவர் கலியாணங்கள், கோவில் திருவிழாக்கள். மற்ற நாட்களில் பிரான்ட் என்ற நிகழ்ச்சி அமைப்பாளரிடம் வேலை. இரண்டாயிரங்களின் நடுவில் பிரான்ட் சீனாவிலிருந்து லியாங் என்ற ராக் கிட்டார்காரரை ஒப்பந்தம் செய்து கூட்டிவந்தார். அவருக்கு வான் ஓட்டுவது, ஒலி பார்ப்பது, அவருடைய அரைகுறை ஜேர்மனை மற்றவர்களுக்கு முழுசாக்கிச் சொல்வது எல்லாம் என் தலையில் விழுந்தன. பாஸ் கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் ஊருக்கு ஊர் ஆள் பிடித்துக்கொள்வோம்.

மெத்தையோடு வந்தவர்கள்

முதல் நிகழ்ச்சி பீலெஃபெல்டில், ஒரு தேவாலயத்தின் மண்டபத்தில். பிரான்ட் அடித்த சுவரொட்டியில் ஒரு டிராகன், ஒரு மூங்கில், "கிழக்கின் நரம்புகள்" என்று ஒரு தலைப்பு. எனக்குக் கொடுத்த குறிப்பிலும் "மென்மையான வாத்தியம்" என்றுதான் இருந்தது. நானும் சொன்னபடி கேட்கிற பிள்ளையாக, மூச்சு விட்டால்கூடப் பிடிக்கிற மாதிரி நுட்பமான மைக்குகளை அடுக்கி வைத்தேன். கதவு திறந்ததும் வந்தவர்கள் எல்லாம் ஓய்வுபெற்ற வயதினர். பாதிப்பேர் கையில் தியானத்துக்கு உட்காரும் சின்ன மெத்தை.

லியாங் ஆளுயர அம்ப்ளிஃபயரைத் தள்ளிக்கொண்டு மேடைக்கு வந்தார். முதல் தட்டிலேயே என் மைக்குகள் எல்லாம் சேர்ந்து ஓலமிட்டன. அவற்றை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு நிமிர்ந்தால், முன்வரிசை மெத்தைகள் பின்வரிசைக்குப் போயிருந்தன. சில மெத்தைகள் வீட்டுக்கே போய்விட்டன. மனிதர் கொஞ்சமும் அசரவில்லை. எஞ்சியிருந்தவர்களுக்காக, மைதானம் நிறைந்த கூட்டத்துக்கு வாசிப்பதைப் போல வேர்க்க விறுவிறுக்க வாசித்தார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

முடிந்ததும் வெள்ளைத் தலைமுடிப் பெண் ஒருவர் மெத்தையை இடுக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். வாங்கிக்கட்டத் தயாராக நின்றேன். அவர் சொன்னது இது: "தியானத்துக்கு இது உதவாது. ஆனால் வாசித்து முடியும்வரை என் இடுப்புவலி எனக்கு ஞாபகமே வரவில்லை."

கொல்லாதே

ஒலிக்காரனுக்கு ஜென்ம விரோதி ஊளைச் சத்தம். கிட்டாரின் ஒலி அம்ப்ளிஃபயரிலிருந்து வந்து, மறுபடி கிட்டாருக்குள்ளேயே புகுந்து, சுற்றிச் சுற்றி ஊளையாகும். அது தலைகாட்டியதும் மேசையின் ஒலி விசையைக் கீழே இழுக்க எங்கள் விரல் தானாகவே போகும். தூக்கத்தில்கூடப் போகும் என்று என் மனைவி சொல்வாள். லியாங்கோ பாட்டின் முடிவில் அம்ப்ளிஃபயருக்கு முன்னால் போய் நின்று, அந்த ஊளை வரும்வரை காத்திருப்பார். வந்ததும் தோளை இப்படி அப்படித் திருப்பி அதன் சுருதியை மாற்றுவார். நான் பாய்ந்து விழுந்து அதை அடக்குவேன்.

சில ஊர்கள் இப்படியே போயின. ஒருநாள் அவர் மேடையிலிருந்து இறங்கி, என் கையை விசையிலிருந்து மெல்ல எடுத்து மேசையில் வைத்தார். கோபம் ஒன்றுமில்லை. "சுதன், அது பிழை இல்லை. அது வரட்டும் என்றுதான் நான் அங்கே நிற்கிறேன்."

வானில் கேட்ட கதை

நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொள்ளாத கலைஞனும் இல்லை, அவனுக்கு வான் ஓட்டுபவனும் இல்லை. அப்படி மாட்டிக்கொண்ட ஒரு பகலில் லியாங் வலது கை விரல்களைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் ஒரு பிளாஸ்டிக் நகத்தை வைத்து ஒட்டுப்பட்டையால் சுற்றியிருந்தது. சின்ன வயதில் அரசாங்க இசைப்பள்ளியில் பிபா படித்தாராம். மடியில் நிமிர்த்தி வைத்து வாசிக்கும் சீன நரம்பு வாத்தியம் அது. ஐந்து விரலையும் விசிறி போல உருட்டி வாசிக்க அந்த நகங்கள் வேண்டும். கிட்டாருக்கு மாறிய பிறகும் நகங்களை அவர் விடவில்லை. மற்றவர்கள் ஒரு சின்னத் தகட்டால் தட்டுகிற கம்பியை இவர் ஐந்து விரலால் உருட்டினார்.

கிட்டாருக்கு எப்படி மாறினீர்கள் என்று கேட்டேன். மேற்கு நாடுகளில் விற்காமல் தேங்கிய கசெட்டுகளைப் பிளாஸ்டிக் கழிவென்று கப்பலில் ஏற்றிச் சீனாவுக்கு அனுப்புவார்களாம். மறுபடி விற்கக்கூடாதென்று பெட்டியோடு சேர்த்து ஒரு வெட்டு விழுந்திருக்கும். உள்ளே நாடா அறுந்திருக்கும். அதைத் தெருவில் வாங்கி, அறுந்த இடத்தை ஒட்டிக் கேட்பார்களாம். எந்தப் பாட்டிலும் ஒரு துண்டு இருக்காது. அந்தத் துண்டில் என்ன இருந்திருக்கும் என்று யோசித்து யோசித்துத் தானே வாசித்து நிரப்பினாராம். அப்படித்தான் கிட்டார் படித்தது. சொல்லிவிட்டு முன்னால் நின்ற லாரியைப் பார்த்துச் சிரித்தார்: "எனக்கு ஆசிரியர் அந்த வெட்டுத்தான்."

பட்டுச் சட்டை

மண்டபங்கள் நிறையவில்லை. டிராகனைப் பார்த்து வந்தவர்கள் கிட்டாரைக் கேட்டுப் போனார்கள். கிட்டார் கேட்க வேண்டியவர்கள் டிராகனைப் பார்த்து வராமலே இருந்தார்கள். பிரான்ட் பொல்லாத ஆள் இல்லை, ஆனால் வியாபாரி. ஒருநாள் அலுவலகத்தில் சிவப்புப் பட்டுச் சட்டை ஒன்றை மேசைமேல் விரித்தார். கோடை முடிவதற்குள் ஏதாவது ஒரு ராக் மேடை லியாங்கைத் தானாகக் கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் இந்தச் சட்டையும் பிபாவும் கலாசார மாலை நிகழ்ச்சிகளும்தான். அதுவும் வேண்டாம் என்றால் ஒப்பந்தம் முடியும். ஒப்பந்தம் முடிந்தால் விசாவும் முடியும்.

நான் இதை முடிந்தவரை மெதுவாக மொழிபெயர்த்தேன். லியாங் சட்டையைத் தடவிப் பார்த்தார், தையலைப் பார்த்தார், மடிப்புக் குலையாமல் திருப்பி மடித்தார். பிபாவை அவர் இழிவாக நினைத்தவர் இல்லை. கேட்டால் வாசிப்பார், அருமையாக வாசிப்பார். ஆனால் தன்னைச் சீனாக்காரர் என்று பார்க்க வருகிறவர்களுக்குத் தான் ஒரு கிட்டார்காரர் என்பது கடைசிவரை தெரியப்போவதில்லை என்பதுதான் அவருடைய பயம். பிரான்டிடம் அதையெல்லாம் சொல்லவில்லை. "நல்ல சட்டை. என் கலியாணத்துக்குப் போடுவேன். வேலைக்குப் போட மாட்டேன்" என்றார்.

ஹனோவரில் ஒரு கலியாணம்

அந்த வாரமே ஹனோவரில் நம்மவர் கலியாணம் ஒன்றுக்கு நான் ஒலி பார்க்க வேண்டியிருந்தது. மறுநாள் லியாங்குக்கு அந்தப் பக்கம் நிகழ்ச்சி. தனியாக விட மனமில்லாமல் கூட்டிப்போனேன். பெண்ணின் தகப்பன் கனகரத்தினம் அண்ணை, ஆர் இவர் என்றுகூடக் கேட்காமல் முன்வரிசையில் இருத்திவிட்டார்.

மணவறைப் பக்கம் திரும்பிப் பார்த்தால் முன்வரிசையில் லியாங் இல்லை. தவில்காரருக்குப் பக்கத்தில் தரையில் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தார். தவில்காரரின் வலது கை விரல்களில் மாட்டியிருந்த கூடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தன் நகங்களை நீட்டினார். தவில்காரரும் அந்த நகங்களைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல் கிடையாது. தாலி கட்டும் நேரம் ஐயர் கையை உயர்த்தியதும் கெட்டிமேளம் முழங்கியது. லியாங் துள்ளி எழுந்தார். இவ்வளவு சத்தத்துக்கு அனுமதி யார் தருவது என்று என் காதில் கத்தினார். இந்த நேரத்தில் சத்தம் குறைந்தால்தான் குற்றம் என்று நானும் கத்தினேன். அவர் முகத்தில் பல வாரங்களுக்குப் பிறகு ஒரு வெளிச்சத்தைக் கண்டேன்.

பந்தியில் கனகரத்தினம் அண்ணை வந்து என் தோளைத் தட்டினார். "தம்பி, உவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லுங்கோ. கலியாணத்துக்கு வந்து, தாலியைப் பாக்காமல் மேளத்தைப் பாத்த ஆள் உவர் ஒராள்தான்."

பிழையான நடுப்பகுதி

கெல்சென்கிர்ச்சனில் ஊஷி என்ற பெண்மணி ஒரு மதுச்சாலை நடத்தினார். ஞாயிறு முற்பகல்களில் பழைய சுரங்கத் தொழிலாளர்கள் சிலர் அங்கே கூடி ராக் வாசிப்பார்கள். ஊர்த் திருவிழாவின் ராக் மேடைக்கு ஆள் தெரிவு செய்வதும் ஊஷிதான். இதைக் கேள்விப்பட்டு, பிரான்டுக்குச் சொல்லாமல் லியாங்கை அங்கே கொண்டுபோனேன். பாஸ் வாசிக்கும் மன்ஃப்ரெட் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ராக் கேட்கும் எவருக்கும் மனப்பாடமான ஒரு பழைய ஆங்கிலப் பாட்டைச் சொன்னார். லியாங் தலையாட்டினார். சின்ன வயதிலிருந்தே தெரிந்த பாட்டாம்.

தொடக்கம் பிரமாதம். நடுப்பகுதி வந்தது. மற்றவர்கள் ஒரு பக்கம் திரும்பினார்கள், லியாங் வேறொரு பக்கம் போனார். கசெட் வெட்டுப்பட்ட இடம்! மன்ஃப்ரெட் தடுமாறி நிறுத்தினார். டிரம்ஸும் நின்றது. லியாங் கண்ணை மூடியபடி ஐந்து விரலையும் உருட்டிக்கொண்டு தனியாகப் போனார். எங்கேயோ ஏறி, எங்கேயோ இறங்கி, கடைசிச் சரணம் தொடங்கும் இடத்தில் பிசகாமல் வந்து சேர்ந்தார். மற்றவர்கள் ஓடிவந்து ஒட்டிக்கொண்டார்கள்.

பாட்டு முடிந்தது. ஒருவரும் கைதட்டவில்லை. நடுப்பகுதி பிழை என்றார் மன்ஃப்ரெட். லியாங் என்னைப் பார்த்தார், நான் சொன்னேன். சரியானது எப்படி என்று கேட்டார். ஊஷி இசைத்தட்டை எடுத்துச் சுழலவிட்டார். அந்த மனிதர் தன் உயிருக்கு உயிரான பாட்டின் நடுப்பகுதியை வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டது அங்கேதான். கேட்டு முடித்ததும் கிட்டாரைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். இவ்வளவு காலமும் பிழையாக வாசித்திருக்கிறேன், நான் கிட்டார்காரன் இல்லை, பிரான்டிடம் சொல்லிவிடு என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையை மறைக்க, கசெட், வெட்டு, ஒட்டுப்பட்டை என்று எல்லாவற்றையும் அந்த மேசையில் கொட்டிவிட்டேன்.

மன்ஃப்ரெட் தன் பாஸை மறுபடி கையில் எடுத்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "பெட்டியைத் திறக்கச் சொல். எங்கள் நடுப்பகுதி எங்களுக்கே அலுத்துப் போய்விட்டது. அவருடையதைச் சொல்லித்தரச் சொல்."

மாடிவீட்டுக்காரர்

ஊஷி கூப்பிட்டார். கோடை முடிவதற்கு முன்னால், திருவிழாவின் ராக் மேடையில், பிற்பகல் நேரம். சுவரொட்டியில் டிராகன் இல்லை, மூங்கில் இல்லை. "லியாங், கிட்டார்" என்று மட்டும் இருந்தது. பாஸுக்கு மன்ஃப்ரெட். பிரான்ட் கைகளைக் கட்டிக்கொண்டு ஓரமாக வந்து நின்றார். சதுக்கம் நிறைய ஆட்கள், பியர் கோப்பைகள், தள்ளுவண்டியில் பிள்ளைகள். பாட்டின் முடிவில் லியாங் அம்ப்ளிஃபயருக்கு முன்னால் போய் நின்றார். நான் என் கைகளைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஊளை எழுந்து சதுக்கத்துக்கு மேலே நின்றது. கூட்டம் எழுப்பிய சத்தத்தில் என் மேசை அதிர்ந்தது. பிரான்டின் கைகள் அவிழ்ந்து தட்டத் தொடங்கியதை நான் கண்ணால் கண்டேன். ஒப்பந்தம் நீண்டது, விசாவும் நீண்டது. லியாங் பிறகு இந்த நாட்டில் இசைத்தட்டு வெளியிட்டு, ஊர் ஊராக வாசித்து, பெயரெடுத்ததெல்லாம் அந்த மேடையிலிருந்துதான்.

ஆனால் அன்றைக்கு அவர் கொண்டாடியது வேறொன்றை. கைதட்டல் ஓயுமுன்பே, சதுக்கத்துக்கு மேலுள்ள மாடிவீட்டிலிருந்து ஒரு முதியவர் வீட்டுச் செருப்போடு இறங்கி என் மேசைக்கு வந்தார். நீ எந்த நாடு என்று முதலில் என்னைக் கேட்டார். சொன்னேன். பிறகு மேடையைக் காட்டி, சத்தம் தாங்க முடியவில்லை என்று கத்தத் தொடங்கினார். அவரைச் சமாதானப்படுத்த, லியாங் சீனாவிலிருந்து வந்தவர் என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை. பின்னர் அவர் சொன்னதை நான் லியாங்கிடம் சொன்னபோது, லியாங் நம்பாமல் திரும்பச் சொல்லச் சொன்னார். கடைசி வரியை இன்னுமொருமுறை சொல்லச் சொன்னார். அம்ப்ளிஃபயரின் மேல் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிழவர் சொன்னது இதுதான்: "எங்கிருந்து வந்தால் எனக்கென்ன? இந்தக் கிட்டார்காரர்கள் எல்லாருமே இப்படித்தான்."

எனக்குத்தான் அந்தக் கொடுப்பினை இன்னும் வாய்க்கவில்லை. ஒலி சரியில்லை என்று என்னைத் திட்ட வருகிறவர்கள் இன்றைக்கும் என் நாட்டை விசாரித்துவிட்டுத்தான் திட்டுகிறார்கள்.