தபால் பெட்டியில் எடுத்த பெயர்

உங்கள் குடும்பத்துக்கு அந்தக் குடும்பப் பெயரை யார் வைத்தது என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? எங்களுக்கு வைத்தது ஒரு தபால் பெட்டி.

பகிடி இல்லை. அப்பா ஜெர்மனிக்கு அகதியாகப் போய், முகாமை விட்டு வெளியே வந்து, முதல் முதலாகத் தனக்கென்று ஒரு அறை எடுத்தபோது, கீழே தபால் பெட்டியில் முன்பு இருந்தவரின் பெயர் ஒட்டியிருந்தது. அப்பாவின் பெயருக்கு வந்த கடிதங்களைத் தபால்காரன் திருப்பி அனுப்பிவிடுவான். அந்தப் பழைய ஜெர்மன்காரனின் பெயரையும் சேர்த்து எழுதினால் ஒழுங்காக வரும். பிறகு சிட்டிசன்ஷிப் கிடைக்கும் நேரத்தில், குடும்பப் பெயர் என்ன என்று ஆபீஸில் கேட்டார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயர், பிறகு நம் பெயர், அவ்வளவுதான். அது அவர்களுக்குத் தலையிடி. சரி, நீங்களே ஒன்றைத் தெரிவு செய்யுங்கள் என்றிருக்கிறார்கள். அப்பா தபால் பெட்டியைத் தெரிவு செய்தார்.

எங்கள் வீட்டில் இந்தக் கதையை எப்போதும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள்.

பெயரை இங்கே எழுதமாட்டேன். லண்டனில் அந்தப் பெயரோடு இருக்கும் தமிழ்க் குடும்பம் நாங்கள் ஒன்றுதான்; எழுதினால் அரை மணித்தியாலத்தில் என் இன்ஸ்டாவுக்கு வந்துவிடுவீர்கள். அர்த்தத்தை மட்டும் சொல்கிறேன். பழைய ஜெர்மன் ஊர்களில் பொதுக் குளியல் வீடுகள் இருந்தன. அதை நடத்தியவனுக்கு இந்தப் பெயர். தண்ணீர் சூடாக்குவான், சனத்தைக் குளிப்பாட்டுவான், முடி வெட்டுவான், பல் பிடுங்குவான், கட்டி வந்தால் கீறிவிடுவான். தொழில் பெயராகி, பெயர் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது.

நான் படித்தது வரலாறு. கடைசி வருஷ ஆய்வையே இந்தப் பெயரில்தான் செய்தேன். ஏனென்றால் சின்ன வயதில் லண்டனுக்கு வந்த நாளிலிருந்து ஒரே கூத்து. டீச்சர் ரெஜிஸ்டரில் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, வகுப்பில் பொன்னிற முடியோடு ஒரு பிள்ளையைத் தேடுவா. நான் கை தூக்குவேன். வேலைக்கு இன்டர்வியூ போனாலும் அதே முகம். கதவைத் திறந்தவர்கள் எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பார்கள்.

தோண்டத் தோண்ட எனக்கு ஆச்சரியம். அந்தக் குளிப்பாட்டுகிறவன் பல ஊர்களில் மரியாதை இல்லாத ஆள். அவன் பிள்ளையைத் தச்சர் சங்கத்திலோ பேக்கர் சங்கத்திலோ சேர்க்கமாட்டார்கள். சங்கத்துக்காரன் வீட்டில் பெண் எடுக்க முடியாது, கொடுக்கவும் மாட்டார்கள். மேலிடத்தில் சட்டம் போட்டு இவர்களும் மரியாதையானவர்கள்தான் என்று சொல்லிப் பார்த்தார்கள். ஊர்கள் கேட்கவில்லை. பிறகு குளியல் வீடுகள் ஒவ்வொன்றாக மூடின. பிள்ளைகள் ஊர் விட்டு ஊர் போனார்கள், மலை தாண்டினார்கள், சிலர் கப்பல் ஏறி அமெரிக்கா போனார்கள். போன இடத்தில் கிளார்க், டீச்சர், டாக்டர். பெயர் கூடவே போனது, அதன் நாற்றம் மட்டும் வழியில் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. இன்றைக்கு ஜெர்மனியில் அந்தப் பெயரைக் கேட்டு யாரும் மூக்கைச் சுளிப்பதில்லை. என் ஆய்வின் கடைசிப் பத்தி இதுதான். நல்ல மார்க்ஸ் வந்தது. உலகம் திருந்தும் என்று நம்பி எழுதிய பத்தி அது.

சரி, நான் கட்ட இருந்தவனுக்கு வருகிறேன். அவன் தென் லண்டன், டூட்டிங். யூனியில் ஒரே வருஷம், ஒரே லைப்ரரி மேசை, பிறகு ஒரே எல்லாம். எங்களுக்குள் கல்யாணம் என்பது முடிவான விஷயம். வீட்டில் சொல்வதுதான் மிச்சம். போன கோடையில் அவன் தன் வீட்டில் சொன்னான்.

தன் அம்மா, அப்பாவைக் காட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டான். நான் எங்கள் ஃபாரஸ்ட் கேட் ஸ்டேஷனிலிருந்து ரயில் ஏறி, நோர்தேர்ன் லைனுக்கு மாறி, புடவை கட்டிக்கொண்டு போனேன். புடவை. நான்.

அவன் அப்பா நல்ல பகிடிக்காரர். அவரும் லண்டனுக்கு வருமுன் ஜெர்மனியில் இருந்தவர்.

"பிள்ளை ஜெர்மனியில எவடம்?"

"ஸ்டுட்கார்ட் பக்கம், அங்கிள்."

"அட, நானும் அங்கினைதான் ஒரு ரெஸ்ரோரன்ற்ல கோப்பை கழுவினனான். நான் கழுவின கோப்பையில உன்ர கொப்பர் சாப்பிட்டிருப்பார்."

"அப்பாக்கு வெளியில சாப்பிட மனம் வராது அங்கிள். காசு போயிடும்."

"அப்ப அவர் அசல் தமிழன். பிறகென்னெண்டு வெள்ளைக்காரன்ர பேர்? கொம்மா வெள்ளையைக் கட்டினவவோ எண்டு இவ கேட்டவ."

"நான் எப்ப கேட்டனான்?" என்றா அவன் அம்மா, குசினியிலிருந்து. "விடிய எழும்பினதில இருந்து அதையே சொல்லிக்கொண்டு திரியிறது நீங்கள்."

நான் தபால் பெட்டிக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு அங்கிள் பெயரை மெதுவாக ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். அவருக்கு ஜெர்மன் தெரியுமே.

"பொறு. அது குளிக்க வாக்கிறவனெல்லே?"

"ஓம் அங்கிள். முடியும் வெட்டுவினம்."

"கேட்டியோ? கலியாணத்தண்டு மாப்பிள்ளைக்குத் தோய வாக்க வெளியில ஆள் தேடத் தேவையில்லை. பொம்பிளை வீட்டிலயே இருக்கினம்."

அவனும் சிரித்தான். நானும் சிரித்தேன். எனக்கு ஏறிவிட்டது. கேட்க ஆள் கிடைத்தால் நான் விடமாட்டேன். சங்கம், பெண் கொடுக்காதது, சட்டம், மலை தாண்டியது, எல்லாவற்றையும் அந்த சோபாவில் இருந்து கொட்டினேன். அங்கிள் உண்மையிலேயே ரசித்துக் கேட்டார்.

"பார், வெள்ளைக்காரனுக்குள்ளயும் இருந்திருக்கு" என்றார். "நாங்கள்தான் எண்டு சும்மா எங்களைப் பேசுவாங்கள்." பிறகு, ரீக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு, சாதாரணமாக, "அது சரி. முந்தின பேர் என்ன? உன்ர அப்பப்பான்ர?"

சொன்னேன்.

"அவ்வளவும்தானோ? பின்னால ஒண்டும் இல்லையோ?"

"இல்லை அங்கிள். குட்டிப் பேர். கியூட்டா இருக்கெல்லே?"

அவர் ரீயைக் குடிக்கவில்லை. எந்த ஊர் என்றார். சொன்னேன். கோயிலடியோ என்றார். ஓம், அப்படித்தான் அப்பா சொல்வார் என்றேன்.

"கோயிலுக்கு முன்னாலயோ, பின்னால ஒழுங்கையோ?"

"நான் ஒருநாளும் போனதில்லை அங்கிள். அப்பாட்டைக் கேட்டுச் சொல்லுறன்."

"வேண்டாம்" என்றார். "சும்மா கேட்டனான்."

டிவி போட்டார். யாரோ யாருக்கோ பந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அவனைப் பார்த்தேன். அவன் போனைப் பார்த்தான். அன்ரி எல்லாம் சமைத்து முடித்துவிட்டா; ஆட்டிறைச்சிக் குழம்பு வாசம் ஹோல் முழுக்க இருந்தது. அங்கிள் எழும்பிக் குசினிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அன்ரி மட்டும் வந்தா.

"பிள்ளைக்கு நேரம் போகுது, என்ன? ஞாயிறில டியூப் சனமா வரும்."

நான் பசியோடு வீட்டுக்கு வந்தேன். அதுவரை என்ன நடந்தது என்றே எனக்கு விளங்கவில்லை, சத்தியமாக. என்னுடைய ஸ்கேர்ட் படம் எதையாவது பார்த்துவிட்டார்களோ என்று வழி முழுக்க என் அக்கவுண்டைத் தேடிக்கொண்டு வந்தேன்.

அப்பா ஷிப்டுக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சாப்பாடு போடாமலே அனுப்பிவிட்டார்கள் என்றேன்.

"பேரைச் சொன்னனியோ?"

"ஓம்."

"ஜெர்மன் பேரையோ?"

"இல்லை, அப்பப்பான்ர."

அவர் அப்படியே கதிரையில் இருந்தார், ஒரு கால் சப்பாத்தோடு.

"பிள்ளை, எங்கட ஆக்கள் பின்னால சாமி எண்டோ பிள்ளை எண்டோ வைக்க ஏலாது. ஆசைப்பட்டு வைச்சாலும் பிறப்புப் பதியிறவன் வெட்டிப்போட்டுத்தான் எழுதுவான். ஊரில ஆரும் அந்தப் பேரைக் கேட்டாக் காணும். என்ன ஆக்கள் எண்டு பிறகு கேட்கத் தேவையில்லை."

"ஜெர்மனியிலயும் கேட்டவையோ?"

"முதல் வருஷமே. பொங்கலுக்கு எண்டு தமிழாக்கள் ஹோல் எடுத்தவை. நான் சமைக்கப் போனனான். வாசல்ல ஒருத்தன் பேரைக் கேட்டான். பிறகு கதிரை அடுக்கச் சொன்னவை. சமையல் வேண்டாமாம்."

தபால் பெட்டிக் கதையில் ஒரு பொய்யும் இல்லை. தபால்காரன் உண்மைதான், திரும்பிய கடிதமும் உண்மைதான். ஆனால் அவர் அந்தப் பெயரைக் கடிதத்துக்காக எடுக்கவில்லை. அவருடைய அப்பாவின் பெயரை யாருக்கும் சொல்லாமல் வாழ்வதற்காக எடுத்தார். ஜெர்மனியை விட்டு லண்டனுக்கு வந்ததைக்கூட எங்கள் படிப்புக்காக என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

"அங்க தமிழாக்கள் கொஞ்சம். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். இஞ்ச கனக்கச் சனம். ஒளிக்கலாம் எண்டு நினைச்சன்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா உனக்கும் தெரிஞ்சிருக்குமே."

மற்றக் காலுக்கும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். நான் குசினியில் நின்று பாண் சாப்பிட்டேன்.

ஆறேழு நூறு வருஷப் பெயர் ஒன்று எத்தனை எல்லை தாண்டியது என்று வரைபடம் போட்டவள் நான். என் வீட்டுப் பெயர் ஒரு கடலையும் ஒரு கண்டத்தையும் தாண்டி வந்து, ஒரு ரீக் கோப்பை ஆறுவதற்குள் திரும்ப அந்த ஒழுங்கைக்கே போய்விட்டது. அந்த ஜெர்மன்காரனுக்குக் கழன்றது எங்களுக்கு ஏன் கழலவில்லை என்று யாரிடம் கேட்பது? எனக்கு டிகிரி கொடுத்தவர்களிடமா? பதில் இருந்தாலும் எனக்கு வேண்டாம். பதிலை வைத்து என்ன செய்ய? அங்கிளுக்குப் ப்ரெசன்டேஷன் செய்யவா?

அடுத்த கிழமை அவன் எங்கள் ஸ்டேஷன் வாசலுக்கு வந்தான். வீட்டுக்கு வா என்றேன், வரவில்லை. அவன் புரொபைலில் இன்னும் நிறவெறிக்கு எதிரான அந்தக் கறுப்புச் சதுரம் இருக்கிறது.

"நான் உனக்காகக் கதைச்சனான்" என்றான்.

"என்ன கதைச்சனி?"

"ஜெர்மன் பேர் பிரச்சினை இல்லையாம். அது வெள்ளைக்காரன்ர தொழில்தானே எண்டு அப்பா சொன்னவர். மற்றதுதான்."

"மற்றது என்னடா? சொல்லு பாப்பம்."

"உனக்குத் தெரியும்தானே."

"எனக்குப் போன ஞாயிறுதான் தெரியும். உனக்கு எப்ப இருந்து தெரியும்?"

அப்பாவுக்கு பிரஷர், கொஞ்ச நாள் பொறுப்போம், எல்லாம் சரிவரும் என்றான். வழக்கமாக அவன் பொய் சொன்னால் நான் கிழித்துத் தொங்கவிடுவேன். அன்றைக்கு ஓம் என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான், யாரோ தமிழ் ஆள் படியேறி வந்தபோது விட்டான்.

பொறுத்தேன். முதலில் தினமும் போன், பிறகு மெசேஜ், பிறகு நான் அனுப்பியதற்கு ஒரு தம்ஸ் அப். அம்மா என் அறைக்கு வெளியே வந்து நின்றுவிட்டுப் போவா. அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் வேண்டுமென்றே ஷிப்ட் எடுக்கிறார். எனக்கு இந்த அறையில் இந்தக் கட்டிலில் இருந்து இதை டைப் பண்ணுவதைத் தவிர வேறு ஒன்றும் ஏலவில்லை.

இன்றைக்குக் காலையில் அவன் தங்கச்சிதான் மெசேஜ் போட்டாள், பாவம் அக்கா நீங்கள் என்று. இப்போது அவர்கள் குடும்பமாக வட லண்டனில், எட்மண்டனில் ஒரு வீட்டில் இருக்கிறார்கள், அவனுக்குப் பொம்பிளை பார்க்க.