மூன்று விரல் பருமன்

தையல்காரியின் கணவன் தூர ஊருக்குக் கட்டட வேலைக்குப் போய் இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. கான்கிரீட் கொட்டப் பலகை அடிக்கிற சென்ட்ரிங் தச்சன் அவன். போனில் சாப்பிட்டியா, தூங்கினியா என்பதற்கு மேல் பேச்சு ஓடாது. அன்று மட்டும் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தான்.

"என் சுத்தியல் தூணுக்குள்ள போயிடுச்சு. கான்கிரீட் கொட்டும்போது கை நழுவிடுச்சு. இனி கட்டடத்தை இடிச்சாத்தான் கிடைக்கும்."

"இப்ப எதை வச்சு அடிக்கிறீங்க?"

"மேஸ்திரி ஒண்ணு குடுத்தாரு. கைப்பிடியும் இரும்பு. முழங்கை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது."

மறுநாளே அவள் இரும்புக்கடைக்குப் போனாள். அவனோடு தங்கியிருக்கும் கம்பி கட்டுபவர் விடுப்பில் வந்திருந்தார். அவரிடம் கொடுத்தனுப்பலாம்.

"எந்த வேலைக்கும்மா?" என்றார் கடைக்காரர்.

"வீட்டுக்காரருக்கு. ஆணி அடிக்கணும், பிடுங்கணும். நாள் முழுக்க."

நாலைந்தை எடுத்துப் போட்டார். பெரியதாகப் பார்த்து ஒன்றைத் தூக்கினாள். மணிக்கட்டைக் கீழே இழுத்தது.

"தலைக்கனம் மனுஷனுக்கும் ஆகாது, சுத்தியலுக்கும் ஆகாது. அவர் கை எவ்வளவு பெருசு?"

அவனுடைய தோள் அளவும் கழுத்தளவும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். உள்ளங்கையை யார் அளந்தார்கள்? கல்யாணமான புதிதில் சாலையைக் கடக்கும்போது அவளுடைய மூன்று விரல்களை மட்டும் சேர்த்துப் பிடித்துக்கொள்வான். அவன் கட்டைவிரலும் நடுவிரலும் அப்போது லேசாகத் தொட்டுக்கொள்ளும். அவள் மூன்று விரல்களைச் சேர்த்து ஒவ்வொரு கைப்பிடியோடும் வைத்துப் பார்த்தாள்.

இரண்டு தேறின. வாசலில் கிடந்த கட்டையில் ஆணி அடித்துப் பார்க்கச் சொன்னார் கடைக்காரர். ஒன்று அடிக்கு அடி கையை உதறவைத்தது. மற்றது மரக்கைப்பிடி. ஓங்கும்போது இருப்பதே தெரியவில்லை. இறங்கும்போது தன் பாரத்திலேயே போய் விழுந்தது. அவள் நிறுத்தவில்லை. வியர்வை கண்ணில் இறங்கும்வரை அடித்தாள். அவன் பொழுதெல்லாம் என்ன செய்கிறான் என்பது அவள் தோளுக்கு அன்றுதான் தெரிந்தது.

அடுத்த நாள் தைக்க உட்கார்ந்தால் வலது கையைத் தூக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு அக்கா தைலம் கொண்டுவந்தாள். "இருக்கட்டும்க்கா" என்று வாங்கி ஓரமாக வைத்தாள். தேய்க்கவில்லை. அந்த வலி போய்விடக் கூடாது என்றிருந்தது.

சுத்தியல் போய்ச் சேர்ந்த அன்று மதியமே போன் வந்தது.

"அடிக்க வாகா இருக்கு. முழங்கைக்கு நிம்மதி. யாரு பாத்து எடுத்தது?"

"நான்தான். கைப்பிடி சரியா இருக்கா?"

"ஒரு நூல் மெலிசு. துணி சுத்திக்கிட்டேன். நீ எடுத்தது சரிதான். என் கைதான் காய்ச்சுப்போய்த் தடிச்சிடுச்சு."

அவளிடம் இருந்தது அவனுடைய பழைய கையின் அளவு.

"எப்ப வருவீங்க?"

"இந்தத் தளம் முடியட்டும்." போன தடவையும் ஒரு தளத்தைத்தான் சொன்னான். "மேஸ்திரி பாக்குறாரு. வைக்கட்டா?"

"வைக்காதீங்க. பையில போட்டுக்கிட்டு வேலையைப் பாருங்க."

அவன் சிரிப்பது கேட்டது, பிறகு போன் சட்டையில் உரசும் சத்தம், பிறகு சுத்தியல் அடி. அவள் மெஷினை ஓட்டாமல், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.