பகலில் பார்த்த நட்சத்திரம்

எனக்கு மாலைக்கண். விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டால் எதிரில் வருவது எருமையா ஆட்டோவா என்று தெரியாது. விழித்திரையில் கோளாறு, மருந்தும் கிடையாது கண்ணாடியும் கிடையாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். இப்படிப்பட்டவள் அடையாறில் ஒரு மொட்டைமாடியில் கூடும் வானம் பார்க்கிற குழுவில் போய்ச் சேர்ந்தால் வீட்டில் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? என் ஜென்ம நட்சத்திரம் கார்த்திகை. மயிலாப்பூரில் அர்ச்சனைத் தட்டை நீட்டும்போதெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைகூடக் கண்ணால் கண்டதில்லை. அந்த ஆத்திரம்தான் என்னை அங்கே இழுத்துப்போனது.

தொண்ணூறுகளின் கடைசி அது. குழுவை நடத்தியவர் என்னைவிட வயதில் சின்னவர், தங்கமான மனிதர். வெளிச்சம் கூடிக் குறையும் நட்சத்திரங்களை ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக் கொடுத்தார். பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, இன்றைக்கு இது எவ்வளவு பிரகாசம் என்று வாராவாரம் சொல்ல வேண்டும். என் முறை வந்தது. “அக்கா, நீங்க எல்லாரும் சொல்றதை எழுதிக்கிறீங்களா?” என்றார்.

சுருக்கென்றது. “எனக்கும் ஒண்ணு வேணும். எப்படிப் பார்க்கிறதுங்கறது என் கவலை,” என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். “பார்க்கலாம்க்கா,” என்றார். நம் ஊரில் ‘பார்க்கலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? அன்றிலிருந்து மற்றவர்கள் சொல்வதை எழுதிக்கொள்கிற வேலை என் தலையில் விழுந்தது.

வழியும் அங்கேதான் கிடைத்தது. குழுவில் கைமாறிக்கொண்டிருந்த ஒரு பத்திரிகையில் போட்டிருந்தார்கள்: ஏதோ ஒரு தேசத்தில், ஒரு மலைமேல் ஒரு தொலைநோக்கி, பக்கத்தில் ஆளே கிடையாது. எந்த நட்சத்திரம், எவ்வளவு நேரம் என்று இன்டர்நெட்டில் எழுதிப் போட்டால், மேகம் இல்லாத ராத்திரியாகப் பார்த்து அதுவே கூரையைத் திறந்து படம் எடுத்து வைக்கும். யார் வேண்டுமானாலும் கேட்கலாம். முகம் தெரியாத எனக்கும் சேர்த்து அதைத் திறந்து வைத்த அந்த மனிதர்கள் நன்றாயிருக்க வேண்டும். ராத்திரி அதற்கு, பகல் எனக்கு.

மாம்பலம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் துணிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர், கடையின் பின்பக்கம் நாலைந்து கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் நடத்தினார். அமெரிக்க வேலைக்கு மெயில் அனுப்புகிற பையன்கள் நடுவில் போய் உட்கார்ந்து, வேறு எதைக் கேட்பேன், கார்த்திகையைத்தான் கேட்டேன்.

சில வாரம் கழித்துப் படம் தயாராக இருந்தது. திரையில் மேலிருந்து கீழாக அங்குலம் அங்குலமாக இறங்கியது. முக்கால்வாசி வந்த சமயம், மாடியில் பாய் வீட்டில் யாரோ டெலிபோனை எடுத்தார்கள். டெலிபோனுக்கும் இன்டர்நெட்டுக்கும் ஒரே லைன். அறுந்துபோச்சு. என் முகத்தைப் பார்த்த பாய் விறுவிறுவென்று மாடிக்குப் போய், அந்த டெலிபோனையே கழற்றிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துக்கொண்டார். “இப்போ எவன் எடுக்கறான்னு பாக்கறேன். நீ போடு மேடம்,” என்றார். அதற்காக வீட்டில் அவருக்கு என்ன மண்டகப்படி கிடைத்ததோ!

படம் முழுசாக வந்தது. கறுப்புத் திரை நடுவில் வெள்ளையாக ஒரு பூசணிக்காய், அவ்வளவுதான். கார்த்திகை என்றால் ஆறு நட்சத்திரமாயிற்றே, மற்ற ஐந்து எங்கே? தொலைநோக்கி பார்ப்பது வானத்தில் துளியூண்டு இடம், அதில் ஆறில் ஒன்றுதான் அடங்கும், அதுவும் வெளிச்சம் தாங்காமல் இப்படி ஊதிப்போகும் என்று பிறகுதான் புரிந்தது. “இன்னா மேடம், உன் நட்சத்திரம் இப்டி வீங்கிக்கினு கீது?” என்றார் பாய். அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது.

அடுத்த தடவை புத்தியாக, ஒளி மாறும் மங்கலான நட்சத்திரம் ஒன்றைக் கேட்டேன். வந்தது. ஆனால் கறுப்பில் சாம்பல் பொட்டுகள். என் கண்ணுக்கு அந்தத் திரையும் ஒரு ராத்திரிதான். இதுவும் போச்சா? பிரிண்டாவது எடுத்துக் கொடுங்கள், யாரிடமாவது காட்டுகிறேன் என்றேன்.

பாய் பதறிவிட்டார். “இம்மாம் கறுப்பா? இங்க்கு மொத்தமும் காலியாய்டும் மேடம்! இரு, திருப்பிப் போட்டுத் தரேன்.” எதையோ அழுத்தினார். கறுப்பு வெள்ளையானது, வெள்ளை கறுப்பானது. வெண்பொங்கலில் மிளகு போட்டதுபோல் வானமெல்லாம் நட்சத்திரம்.

“ஐயோ பாய், தெரியுது!” என்று கத்தியேவிட்டேன். பையன்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பாய் காப்பாற்றியது அவருடைய இங்க்கை. ஆனாலும் அந்தக் கஞ்சத்தனத்தை நான் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

அதன்பிறகு வந்த ஒவ்வொரு படத்திலும் என் மிளகைப் பக்கத்து மிளகுகளோடு ஒப்பிட்டுக் குறித்தேன். அது கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டே வந்தது. ஐப்பசி மழையில் சென்னை வானம் மூடிக்கிடந்து குழுவே கையைக் கட்டிக்கொண்டிருந்தபோதும் எனக்குப் படம் வந்தது.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பிரிண்டுகளை அடையாறு மாடிக்குக் கொண்டுபோனேன். குழு நடத்தியவர் டியூப்லைட் அடியில் அவற்றை வரிசையாகப் பரப்பி, என் கணக்கைத் தானும் ஒரு தடவை போட்டுப் பார்த்தார். “சரியா வருதேக்கா!” என்றார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு அந்த நட்சத்திரம் இருக்கும் திசையை எல்லோருக்கும் காட்டினார். பைனாகுலரைக்கூட எடுத்து வைத்துத் தேடினார்கள்.

“அந்த இடத்துல ஒண்ணுமே தெரியலையேக்கா,” என்றார்.

“எனக்கும்தான்,” என்றேன்.

இருட்டில் அவர் வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. அடுத்த வாரத்திலிருந்து எழுதிக்கொள்ள வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள்.