இருளம்மாள் கேட்கப் போன சாட்சி

வளையல்காரர் வந்தால் ஊர்ப் பெண்கள் எல்லாரும் கையை நீட்டி உட்காருவார்கள். அவர் கட்டைவிரலை மடக்கி, புறங்கையை அமுக்கி, ஒவ்வொன்றாக வளையலை ஏற்றிவிடுவார். இருளம்மாள் மட்டும் வளையலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுவாள். விளக்கெண்ணெயைத் தடவி, பல்லைக் கடித்துக்கொண்டு தானே போட்டுக்கொள்வாள். இரண்டு உடையும், கையும் கிழியும். ஆனாலும் தன் கட்டைவிரலை இன்னொருவர் பிடிக்க அவள் விட்டதில்லை.

அவளுக்கு எட்டு வயதாயிருக்கும்போது, பொட்டிப்புரத்துக்குத் தெற்கே இருந்த அவர்கள் ஊருக்குப் போலீஸ்காரர்கள் வந்து மேசை போட்டு உட்கார்ந்தார்கள். ஆண்களை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவர் கட்டைவிரலையும் மையில் புரட்டிக் காகிதத்தில் உருட்டினார்கள். அவளுடைய அப்பன் ஒரு குற்றமும் செய்ததில்லை. பிறந்த சாதி போதும் என்றது கைரேகைச் சட்டம். அன்று முதல் இருட்டினால் ஆண்கள் காவல் கொட்டகையில் போய்ப் படுக்கவேண்டும். ஊர் எல்லையைத் தாண்டுவதானால் கிராம முன்சீப்பிடம் ராதாரிச் சீட்டு வாங்கவேண்டும். போன ஊரில் அதைக் காட்டிக் கையெழுத்து வாங்கித் திரும்பவேண்டும். சீட்டில்லாமல் பிடிபட்டால் ஜெயில்.

அதைப் பார்த்து வளர்ந்தவள் யாரைத்தான் நம்புவாள்? அம்மை குத்த வந்தவருக்குப் பிள்ளையைக் கண்ணில் காட்டவில்லை. ஜனத்தொகை எண்ண வந்தவரிடம் ஆறு பேர் இருந்த வீட்டில் மூன்று பேர் என்றாள். அவர் கதவில் எழுதிவிட்டுப் போன எண்ணை, அவர் தெருமுனை திரும்புவதற்குள் சாணியால் மெழுகினாள். போடிக்கு ரயில் வந்தபோது ஊரே பார்க்கப் போயிற்று. “பொட்டிக்குக் கதவு உள்ளாற இருந்து பூட்டுறாப்புலயா, வெளிய இருந்து பூட்டுறாப்புலயான்னு மட்டும் பாத்துட்டு வா” என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லி அனுப்பினாள்.

அவள் புருஷன் ஒச்சாண்டி கிணறு வெட்டுகிறவன். நல்ல உழைப்பாளி. கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் அவளை அடித்ததும் உண்டு. அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல அதில் புதிதாக என்ன இருக்கிறது?

யுத்தம் வருவதற்கு முந்தின வருஷம் அவன் சின்னமனூர் ரோட்டோரம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கிணறு வெட்டப் போனான். பள்ளியை ஒட்டி ஓடு வேய்ந்த சின்ன வேதக்கோயில். இரண்டுக்கும் பொறுப்பாக உபதேசியார் சுந்தர்ராஜ் இருந்தார். கிணறு முடிந்தது, தண்ணீரும் வந்தது. ஒச்சாண்டி அங்கே போவது மட்டும் நிற்கவில்லை. சனிக்கிழமை தோறும் முன்சீப் அய்யாத்துரை வீட்டு வாசலில் சீட்டுக்கு நிற்பான்.

“ஏண்டா, சாமி கும்பிட ஏழு மைல் நடக்கணுமா? ஒன் ஊர்ச் சாமிக்குக் காது கேக்காதா?” என்பார் முன்சீப்.

“அங்கன கேள்வி கேட்டா பதில் சொல்றாகய்யா” என்பான் ஒச்சாண்டி.

இருளம்மாளுக்கு முதலில் வந்த சந்தேகம் பெண் விஷயம். அவன் திரும்பி வந்ததும் துண்டை மோந்து பார்த்தாள். வேர்வை வாடைதான் இருந்தது. பிறகு அவன் குடியை விட்டான். அது அவளை இன்னும் பயமுறுத்தியது. குடித்தால் மனதில் இருப்பது வாய்க்கு வந்துவிடும். குடிக்காதவன் மனதை எப்படித் தெரிந்துகொள்வது? ஆறு மாசமாக அவன் கை ஓங்கவும் இல்லை. ஒருநாள் வேண்டுமென்றே குழம்பில் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டாள். அவன் ஒரு வாய் வைத்தான், அவளைப் பார்த்தான், செம்புத் தண்ணீரைச் சோற்றில் ஊற்றிக் கரைத்துக் குடித்துவிட்டு எழுந்து போனான். அன்றைக்கு அவளுக்குத் தூக்கமே வரவில்லை.

அந்தக் கார்த்திகையில் அவள் அண்ணன் முத்துக்கருப்பன் சீட்டில்லாமல் கம்பத்துக்குப் போனான். அங்கே மகளுக்குப் பேறுகாலம், முன்சீப் ஊரில் இல்லை, காத்திருக்க முடியவில்லை. போன வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பதற்குள் போலீஸ் வந்து பிடித்தது. மூன்று மாசம் ஜெயில். ‘வழியில பிடிக்கல, வீடு தேடி வந்து பிடிச்சிருக்கான். எவனோ சொல்லிக் குடுத்திருக்கான்’ என்று ஊர் பேசியது.

இந்தச் சமயத்தில்தான் உத்தமபாளையத்து ஜவுளி வியாபாரி ஜெய்லானி சைக்கிளில் மூட்டையோடு வந்தார்.

“என்ன தாயி, ஒன் வீட்டுக்காரரு வேதக்கோயில்ல சாட்சி சொல்ல எந்திரிச்சாராமுல்ல?”

இருளம்மாள் கையில் பிடித்திருந்த சீலையைக் கீழே போட்டாள். அந்த ஊரில் சாட்சி என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். கோர்ட்டில் கூண்டில் ஏறி, இன்னான்தான் செய்தான் என்று கைகாட்டுகிறவன் சாட்சி. அவர்களுக்காக எவரும் சாட்சி சொல்லி அவர்கள் கேட்டதில்லை.

“என்ன சொன்னாகளாம் ராவுத்தரே?”

“‘நான் ஒரு குத்தம் செஞ்சிருக்கேன்’னாராம். அதுக்கு மேல நாக்கு எழல. உபதேசியாரு, ‘அவசரமில்லப்பா, வர்ற ஞாயித்துக்கெழம முடி’ன்னுட்டாராம். எங்கிட்ட சீலை எடுக்குற பஞ்சம்மா சொன்னா.”

“யாரு பேரையாச்சும் சொன்னாகளா?”

“சொன்னாப்புல தெரியல. வர்ற வாரம் வந்தாலும் வரும்.” அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சீலையை மெல்ல எடுத்து மடித்தார். “நான் ஏதும் சொல்லக்கூடாதத சொல்லிட்டனா தாயி?”

சொல்லியாகிவிட்டது. அடுத்த வீட்டில் கேட்டது, தெருவில் கேட்டது. பொழுது சாய்வதற்குள் கருத்தக்கண்ணன் நாலு ஆளோடு வாசலில் வந்து நின்றான். ஊர்க் காரியங்களுக்கு முன்னால் நிற்கிறவன் அவன். அவளுக்கு அண்ணன் முறை.

“இன்னைக்குக் கோயில்ல சாட்சி, நாளைக்குக் கோர்ட்டுல சாட்சி. வாரந்தவறாம முன்சீப்பு இவனுக்கு மட்டும் எதுக்குச் சீட்டு எழுதுறாரு? நீயே சொல்லு இருளி.”

“எங்கூடப் பெறந்தவனக் காட்டிக் குடுத்தது இவுகன்னா, ஒங்களுக்கு முந்தி நான் வெளியேத்துவேண்ணே” என்றாள் அவள்.

“நாங்க போய்க் கேக்கணும்னா சீட்டு வேணும். பொம்பளைக்கு வேணாம். நீ போ. காதால கேட்டுட்டு வந்து சொல்லு. அவன் ஒரு பேரு, ஒத்தப் பேரு சொல்லியிருந்தாலும் இந்த ஊர்ல அவனுக்கு நெருப்பில்ல, தண்ணியில்ல.”

அவர்கள் போனபின் அவள் புருஷன் முன்னால் போய் நின்றாள்.

“எங்க அண்ணன் பேரச் சொல்லப் போறீகளா?”

“அவரு பேரு எதுக்கு வருது?”

“அப்ப யாரு பேரு வரும்?”

ஒச்சாண்டி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். “அங்கன வந்து கேளு. இங்கன வச்சுச் சொல்ல எனக்கு வாய் வரல.”

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவன் நடந்தான். கல்லெறி தூரத்தில் அவளும் பின்னால் நடந்தாள்.

கோயில் வாசலில் உபதேசியார் அவனுடைய சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்த ஊர் முன்சீப்பிடம் அவரே கையெழுத்து வாங்கித் தருவாராம். சீட்டும் இவர் கையில், ஆளும் இவர் கையில் என்று நினைத்துக்கொண்டாள் இருளம்மாள். பெண்கள் பக்கம் பாயில், வாசலுக்குக் கிட்டத்தில் உட்கார்ந்தாள். எழுந்து ஓடுவதானால் இரண்டு எட்டில் வெளியே போய்விடலாம்.

பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது. உபதேசியார், “இந்த வாரம் யாருக்கு என்ன கேள்வி?” என்றார். அது அங்கே வழக்கம் போலும்.

ஒரு கிழவர் எழுந்தார். “காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை தின்னா, ஆண்டவர் மேல விசுவாசம் கொறைஞ்சதுன்னு அர்த்தமாய்யா?”

“கொயினாவும் தின்னுங்க, ஜெபமும் பண்ணுங்க. கசக்குதுன்னு மாத்திரையத் துப்பிட்டு ஜெபத்த மட்டும் பண்ணாதீக.”

கோயிலில் சிரிப்பு எழுந்தது. பக்கத்தில் இருந்த பஞ்சம்மாள் தயங்கித் தயங்கி எழுந்தாள். “மகனுக்கு வயசு குறைச்சுச் சொல்லி, டிக்கெட்டு எடுக்காம பஸ்ஸுல கூட்டியாந்தேன். அது பாவத்துல சேருமா?”

“நீங்க சொல்லும்போது பையன் பக்கத்துல இருந்தானா?”

“மடியிலதான் இருந்தான்.”

“அப்ப பஸ்காரரை ஏமாத்துனது சின்னது. அவனுக்குச் சொல்லிக் குடுத்தது பெருசு. நாளைக்குக் கடைக்கு அனுப்புனா ஒங்ககிட்டயே சில்லறையக் குறைப்பான்.”

பஞ்சம்மாள் வெட்கத்தோடு, ஆனால் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். இருளம்மாள் வியந்துபோனாள். என்ன கெட்டிக்காரத்தனம்! போலீஸ்காரன் தடியால் வாங்குவதை இந்த மனுஷன் சிரிக்க வைத்தே வாங்கிவிடுகிறாரே! ஜனத்தொகைக்காரரிடம் தான் சொன்ன பொய் நினைவுக்கு வந்தது. உதட்டை இறுக்க மூடிக்கொண்டாள்.

அப்போது ஒச்சாண்டி எழுந்தான்.

“போன வாரம் நிறுத்துன எடத்துல இருந்து சொல்றேன்யா. கொட்டகைல ராத்திரி பேரு கூப்பிடுவாக. ஒருநா நான் அசந்து தூங்கிட்டேன், பதில் சொல்லல. ஏட்டு என்னிய எந்திரிக்க வச்சு, எல்லாரு முன்னாலயும் செருப்பால அடிச்சாரு. நான் ஒரு வார்த்தை பேசல. விடிஞ்சதும் வீட்டுக்கு வந்தேன். கஞ்சி சுடுதுன்னு சொல்லி எம் பொஞ்சாதிய அடிச்சேன். கஞ்சி சுடல. அங்கன வாங்குனத வீட்டுல கொண்டாந்து எறக்குனேன். ஒரு தடவதான் அடிச்சேன். ஆனாலும் அது குத்தந்தான்.”

“நாலு தடவ!”

கோயில் முழுக்கத் திரும்பியது. தான் எழுந்து நிற்பது இருளம்மாளுக்கு அப்போதுதான் தெரிந்தது. இனி உட்கார்ந்து என்ன ஆகப்போகிறது?

ஒச்சாண்டி திகைத்துப்போய், “மூணு…” என்று இழுத்தான்.

“நாலு. கிணத்து மேட்டுல வடக்கயித்தால அடிச்சீகளே, அத யாரு சேக்கிறது? மக ராஜாத்தி பெறந்து பதினாறு நாள் ஆகல, அன்னைக்கு அடிச்சது எதுல சேத்தி? சொல்ல வந்தா முழுசாச் சொல்லுங்க. இல்லேன்னா சொல்லாதீக.”

ஒச்சாண்டி தலையைக் குனிந்தான்.

“நாலு தடவ” என்றான்.

உபதேசியார் அவள் பக்கம் திரும்பி, “தாயி, நீங்களும் சாட்சி சொல்லிட்டீக” என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நானா? நான் யாரையும் காட்டிக் குடுக்கலய்யா!”

“இங்கன சாட்சின்னா நடந்தத நடந்தபடி சொல்றதும்மா. அம்புட்டுத்தான்.”

அவள் உட்கார்ந்தாள். பஞ்சம்மாள் அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சற்றுப் பொறுத்துத்தான் இருளம்மாள் கவனித்தாள், தன் கட்டைவிரல் இன்னொருத்தி கைக்குள் இருந்தது. மெல்ல உருவிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் வாய்க்கால் பாலத்தில் ஒச்சாண்டி அவளுக்காக நின்றான்.

“ஊருக்கு என்ன சொல்லப் போற?”

“கேட்டதச் சொல்லுவேன்.”

“எல்லாரும் சிரிப்பாக.”

“சிரிக்கட்டும். பேரு எதுவும் சொல்லலேன்னு மட்டும் சொன்னா நம்புவாகளா? எல்லாம் நம்ம ஊரு ஆளுகதான?”

அவள் நினைத்தபடிதான் நடந்தது. காவல் கொட்டகைக்கு முன்னால் ஊரே கூடியிருந்தது. யார் பேரும் வரவில்லை என்று அவள் சொன்னதைக் கருத்தக்கண்ணன் நம்பவில்லை.

“பேரு வரலேன்னா வேற என்ன வந்துச்சு? ஒண்ணுமில்லாததுக்கா ஒரு வாரம் நாக்கு எழாம நின்னான்? புருசனக் காப்பாத்தப் பாக்காத இருளி.”

அவள் ஒருமுறை புருஷனைப் பார்த்தாள். தன் வீட்டு அடியைத் தெருவில் கொட்டினால்தான் அவனுக்கு இந்த ஊரில் தண்ணீர்.

“என்னிய அடிச்சதச் சொன்னாக. நாலு தடவ அடிச்சேன்னு சொன்னாக. அதுதான் அவுக சொன்ன சாட்சி.”

கருத்தக்கண்ணன் சிரிக்கத் தொடங்கினான். “பொஞ்சாதிய அடிச்சதுக்கா? அடப் பாவி, அதுக்கு ஏழு மைல் நடந்தியா? அத ஒரு குத்தம்னு எவன்டா எழுதி வச்சான்? அப்படிப் பாத்தா நாங்கெல்லாம் ராமேசுவரம் வரைக்கும் நடக்கணும்டா!” கூட்டம் முழுதும் சிரித்தது. கோபம் போன சிரிப்பு. ஒருவன் ஒச்சாண்டி தோளில் கை போட்டான். இன்னொருவன் வெற்றிலையை நீட்டினான். முத்துக்கருப்பனைக் காட்டிக் கொடுத்தது யார் என்ற கேள்வி வேறு வாசல் தேடிப் போயிற்று.

புருஷன் தப்பினான். இருளம்மாளுக்கு மூச்சு வந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு அவள் மேல் புழுதிபோல வந்து படிந்தது. அந்தக் கோயிலில் இதற்கு ஒருவரும் சிரிக்கவில்லையே என்று நினைத்தாள். அங்கே பஸ் டிக்கெட்டுக்குச் சிரித்தார்கள், கொயினாவுக்குச் சிரித்தார்கள். நாலு தடவ என்றபோது சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை? அதில் என்ன சூது என்று யோசித்துப் பார்த்தாள். பிடிபடவில்லை.

இங்கே யார் யார் சிரிக்கிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பின்னால் நின்ற பெண்களில் பாதிப் பேர் சிரிக்கவில்லை. கருத்தக்கண்ணன் பெண்சாதி சுப்புத்தாய் முந்தானையை இழுத்து முழங்கையை மூடிக்கொண்டு நின்றாள்.

கூட்டம் கலைந்தபின் அந்தச் சுப்புத்தாய் தண்ணீர்க் குடத்தோடு மெதுவாக அவள் பக்கம் வந்து நடந்தாள்.

“இருளி, அங்கன பொம்பளையும் எந்திரிச்சுச் சொல்லலாமா?”

“சொல்லலாம் மதினி.”

“எழுதிக்கிடுவாகளோ?”

“யாரும் எழுதல. ரேகையும் கேக்கல.” இருளம்மாள் இரண்டு எட்டு நடந்தாள், பிறகு நின்று திரும்பிப் பார்த்தாள். “இதுவரைக்கும் கேக்கல. வர்ற ஞாயித்துக்கெழம நானும் போறேன். கேக்குறாகளா பாப்போம். நீயும் வா.”