சாய்ந்த முகத்தில் நேரான துளை

தொண்ணூறுகளின் கடைசியில் புனே பக்கம் பிம்ப்ரியில் எங்கள் வடிவமைப்புப் பிரிவுக்கு முப்பரிமாணத்தில் வரையும் கணினி ஒன்று வந்தது. ஓர் அளவை மாற்றினால் மொத்த உருவமும் தானே மாறிக்கொள்ளும் என்றார்கள் விற்றவர்கள். அதை அப்படியே நம்பியவர் எங்கள் மேலாளர். சில மாதங்களில் எதையுமே நம்பாமல் போனவரும் அவரே. வாடிக்கையாளர் கேட்கும் மாற்றத்தை அவர் கண்ணெதிரே செய்து காட்ட வேண்டும், முடியாவிட்டால் கணினியைத் திருப்பி அனுப்பிவிட்டு எல்லோரும் வரைபலகைக்குப் போகலாம் என்று உத்தரவு போட்டிருந்தார்.

வாடிக்கையாளர் வரும் நாளன்று காலை, கியர்பெட்டியின் உறையைத் திரையில் சுழற்றிப் பார்த்தேன். அதன் மேல்முகம் ஓட்டுக்கூரை போலச் சற்றே சாய்ந்திருந்தது. அதில் எண்ணெய் இறங்கத் துளைகள். வரைந்தவர் பக்கத்து மேசைக்காரர். கோயம்புத்தூர்ப் பெண், வேகத்தில் எங்கள் எல்லோரையும் மிஞ்சியவர்.

“துளையெல்லாம் சாஞ்சிருக்கே?”

“முகத்தைத் தொட்டா அதுக்குச் செங்குத்தா கம்ப்யூட்டரே போட்டுக்குதுங்க சார்.”

“நம்ம டிரில் மேலேருந்து நேரா இறங்கும். முகம் சாஞ்சிருக்குன்னு அதுவும் சாயுமா?”

“உறையச் சாய்ச்சு வெச்சுப் போட மாட்டாங்களா?”

“போடுவாங்க. உங்களைக் கூப்பிட்டுப் பிடிச்சுக்கச் சொல்வாங்க.”

வாடிக்கையாளர் சாய்வைத்தான் மாற்றச் சொல்வார் என்று நினைத்து, அதைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்தேன். துளைகளும் கூடவே திரும்பின; ஒன்று நேராகப் பேரிங் உட்காரும் குழிக்குள் பாய்ந்தது.

“கஸ்டமர் காரு கேட்டுக்குள்ள வந்துருச்சுங்க சார்,” என்றார் அவர் ஜன்னலிலிருந்து.

முறை எனக்குத் தெரியும். முறை தெரிந்தவனுக்கு யாரும் நேரம் கொடுப்பதில்லை என்பதும் தெரியும். உறைக்கு மேலே, அதன் அடித்தளத்துக்கு இணையாக, ஒரு கற்பனைத் தளத்தை நிறுத்தினேன். துளைகள் இனி அங்கிருந்து புறப்பட்டு நேராகக் கீழே இறங்கும். முகம் எப்படிச் சாய்ந்தாலும் அவற்றுக்குக் கவலையில்லை. இடத்தையும் உறையின் விளிம்பிலிருந்து அளக்காமல் பேரிங் குழியின் மையத்திலிருந்து அளந்தோம். பக்கத்து மேசைக்காரர் எண்களைச் சொல்லச் சொல்ல நான் தட்டினேன்.

“கடைசி ஓட்டையக் காணோமுங்க சார்.”

“மேலே பாத்துத் துளைக்குது. காத்துல ஓட்டை.”

திசை காட்டும் அம்பைக் கீழே திருப்பிவிட்டு நிமிர்ந்தால், வாடிக்கையாளர் என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார்.

“ஹா டபா சாலேல் கா?” என்று மேலாளர் என் காதருகே கேட்டார். இந்த டப்பா ஓடுமா என்று, மராத்தியில்.

“சாலேல்,” என்றேன், விற்றவர்களின் குரலிலேயே.

வாடிக்கையாளர் முதலில் சாய்வைப் பற்றிப் பேசவில்லை. பேரிங்கைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ள வேண்டும் என்றார். அதை நாங்கள் சோதித்திருக்கவில்லை. புது அளவைத் தட்டினேன். திரை உறைந்தது. பிறகு உறை துண்டு துண்டாகத் திரும்ப எழும்பத் தொடங்கியது: அடி, சுவர், மேல்முகம், குழி. துளைகள் ஒவ்வொன்றாக வந்து, நகர்ந்துபோன குழியைச் சுற்றி அதே ஒழுங்கில் நின்றன.

முகத்தையும் கொஞ்சம் சாய்க்க முடியுமா என்றார் வாடிக்கையாளர். சாய்த்தேன். துளைகள் கம்பம்போல நேராகவே நின்றன.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அடுத்த மாற்றத்தைச் சொன்னார். இதுபோல் இன்னும் இரண்டு வாங்கப் போகிறோம் என்று மேலாளர் அவரிடம் அறிவித்தார். எங்களுக்கே அப்போதுதான் தெரியும்.

“நகருங்க சார்,” என்றார் கோயம்புத்தூர்ப் பெண். “நீங்க தட்டறதுக்குள்ள அவரு ஊருக்கே போயிருவாரு.”

நகர்ந்து உட்கார்ந்தேன்.