உள்பக்கம் வெட்டிய எழுத்து

வண்டிக்காரத் தங்கவேலுவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். அதுவும் மகள் செல்லாத்தாள் எட்டாவது படிக்கும்போது சொல்லிக்கொடுத்தது. திருப்பூர் ராயபுரத்துப் பனியன் கம்பெனிகளில் பின்னிய துணியை ஏற்றிக்கொண்டு சலவைப் பட்டறைக்குப் போவார். வெளுத்த துணியோடு திரும்புவார். இருபது வருடமாக ஒற்றை மாட்டு வண்டி. மழைக்காலத்தில்கூட வெள்ளைத் துணியில் ஒரு பொட்டுச் சேறு பட்டதில்லை. அவரைப் பற்றி யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள்.

செல்லாத்தாளுக்குப் பதினைந்து வயதில் முதல் வலிப்பு வந்தது. பெருமாநல்லூரில் அவர்கள் குடியிருந்த லைன் வீட்டு வாசலில், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவள் வாளியோடு சாய்ந்தாள். "இரும்பக் குடுங்க, இரும்பக் குடுங்க" என்று அவள் அம்மா சுப்பாத்தாள் அலறினாள். தங்கவேலு வண்டிச் சக்கரத்தின் கடையாணியைப் பிடுங்கி மகளின் கைக்குள் திணித்தார். இரண்டு நிமிடத்தில் உதறல் நின்றது. அது தானாக நிற்கிற நேரத்தில்தான் நின்றது. ஆனால் அவர் கண்ணுக்கு, இரும்பைக் கண்டுதான் நின்றது. அன்றிலிருந்து வீட்டு நிலைப்படியில் ஒரு ஆணி, வண்டிப் பெட்டியில் ஒன்று, அவள் பனியன் கம்பெனி வேலைக்குப் போக ஆரம்பித்ததும் அவளுடைய சோற்றுப் பையில் ஒன்று என்று வைத்தார்.

எண்பத்தேழில் கோயமுத்தூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் காட்டினார்கள். அவர் மாத்திரை கொடுத்தார். ஒரு சீட்டில் தமிழில் எழுதியும் கொடுத்தார். "எவர்சில்வர்ல ஒரு காப்பு வாங்கி இதை அதுல வெட்டிப் போட்டு விடுங்க. கழட்டக் கூடாது. எங்க விழுந்தாலும் பார்க்கறவங்களுக்குத் தெரியணும்" என்றார். தங்கவேலு தலையாட்டினார். அவர் காதில் விழுந்தது காப்பு என்பதும் கழட்டக் கூடாது என்பதும்தான்.

பாத்திரக்கடையில் பேர் வெட்டுகிறவர் காப்பைக் கையில் வாங்கி, "எந்த விசேசத்துக்குங்க? அன்பளிப்புன்னு ஆரம்பிச்சிரலாமுங்களா?" என்றார். பழக்க தோஷம். சீட்டைப் படித்ததும் மெஷினை நிறுத்தினார். செல்லாத்தாள், வலிப்பு நோய், உதறல் நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரி, மாத்திரையின் பெயர், டாக்டரின் போன் நம்பர் என்று அதில் இருந்தது.

"ஏனுங்க, வயசுப் புள்ள கையில இதையா வெட்டறது?"

மகள் சீட்டைப் படித்துக் காட்டியதிலிருந்து வழியெல்லாம் தங்கவேலுவும் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்திருந்தார். "உள்பக்கமா வெட்டிருங்க. வெளிய ஒரு பூங்கொடி போட்டுருங்க."

"உள்ள எழுதுனா யாருங்கப்பா படிப்பாங்க? என்ற தோலு படிக்குமா?" என்றாள் செல்லாத்தாள்.

"நாளைக்கு ஒருத்தன் ஊட்டுக்குப் போறவ கண்ணு நீ."

"அவன் முன்னால உழுந்தா அப்பத் தெரியாதுங்களா?"

"அப்பன எதுத்துப் பேசாத சாமி."

அதட்டியிருந்தால் அவள் இன்னும் பேசியிருப்பாள். அவர் கெஞ்சுகிற மாதிரிச் சொன்னார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

காப்பை மகளின் கையில் மாட்டும்போது தங்கவேலு பேர் வெட்டுகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதுவும் இரும்புதானுங்களே?"

"முக்காலும் இரும்புதானுங்க."

அது போதுமாயிருந்தது அவருக்கு. நிலைப்படி ஆணியைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்.

கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் மேஜையில் வேலை. தைத்து வரும் பனியனைப் பிரித்து விரித்து ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்க்க வேண்டும். காப்பு துணியில் மாட்டி நூலை இழுக்கும் என்று சூப்பர்வைசர் கழட்டச் சொன்னார். அவள் வேஸ்ட் மூட்டையிலிருந்து ஒரு துண்டு பனியன் துணியை எடுத்து, காப்பின் மேல் சுற்றித் தைத்துக்கொண்டாள். யாராவது கேட்டால் கையில் சுளுக்கு என்றாள். எழுத்து தோலைப் பார்த்தபடி இருந்தது. பூங்கொடியும் துணிக்குள் போயிற்று.

இரண்டு வருடம் ஒன்றும் வரவில்லை. தங்கவேலுவால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்குச் சாத்தூர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்திருந்த பாண்டியம்மாளின் சின்ன மகளுக்கும் வலிப்பு வரும். பாண்டியம்மாளிடம் அவர் சொன்னது லைன் வீடு முழுக்கக் கேட்டது.

"கைய உட்டுப் போகாம இரும்பு இருக்கோணும்மா. அதான் சூட்சுமம். எங்க செல்லாவப் பாரு."

"அப்படியாண்ணே? மாத்திரையும் திங்காளாமே?"

"அது சும்மா. தூங்கறதுக்கு."

அதை அவர் நம்பியே சொன்னார். மாத்திரை அவளைத் தூங்கத்தான் வைத்தது. மேஜையில் கண் சொக்கி, ஓட்டை விழுந்த பனியன்களை நல்ல பனியன் கட்டோடு சேர்த்துவிட்டாள். "தூங்கறதுக்கு வேற பக்கம் எடம் பாத்துக்க புள்ள" என்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து அழுதாள். அந்த வேலையை அவள் விட மாட்டாள். பத்துப் பேரோடு பேசிச் சிரித்து உட்காருகிற ஒரே இடம் அவளுக்கு அதுதான்.

"மாத்திரைய உடு கண்ணு. கையிலதான் இருக்குதில்ல" என்றார் தங்கவேலு.

"நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருங்களேப்பா."

"டாக்டரா போயி உனக்காகத் திட்டு வாங்கறாரு?"

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததால் சம்மதம் ஆயிற்று. மாத்திரை டப்பா சாமி படத்துக்குப் பின்னால் போயிற்று.

பதினெட்டாம் நாள் சாயங்காலம், திருப்பூரிலிருந்து வந்த டவுன் பஸ்ஸில் அவள் விழுந்தாள். பெருமாநல்லூர் நால்ரோட்டில் இறக்கி, டீக்கடை பெஞ்சில் படுக்க வைத்தார்கள். நடந்ததை டீக்கடைக்காரர் பிறகு தங்கவேலுவிடம் ஒன்று விடாமல் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"சாவிக் கொத்தக் குடுக்கப் போனனுங்க. கண்டக்டர்தான் கையத் தொட்டுப் பாத்துட்டு, துணிக்குள்ளாற இரும்புக் காப்பு கெடக்குது, வலிப்புக்காரப் புள்ளைக்கு ஊட்டுல போட்டு உட்டிருக்காங்க, தானா நின்னுரும்னாரு. செரின்னு எல்லாரும் நின்னு பாத்துட்டு இருந்தமுங்க. நின்னுச்சு. மறுக்கா வந்துச்சு. மறுக்கா நின்னுச்சு. இரும்பு இருக்குதே, இரும்பு இருக்குதேன்னே முக்கா மணி நேரம் போயிருச்சுங்க."

ஆளைத் தெரிந்த ஒருவர் பிறகு வேன் பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். நர்ஸ் ஊசி போட நரம்பு தேடும்போது கைத்துணியைக் கத்தரித்துக் காப்பைக் கழற்றினாள். வேலூர்ப் பக்கத்துப் பெண் போலிருந்தது, சின்ன வயசு. காப்பைத் திருப்பிப் பார்த்தவள் தங்கவேலுவை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"அப்புறம் ஏன் உள்ள எழுதினீங்க?"

டாக்டர் வந்து, மாத்திரையை எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்டார். அதற்கு மட்டும் சரியாக நாள் சொன்னார். செல்லாத்தாள் கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, வண்டி பூட்டுகிற நேரத்தில் போய்விட்டாள். இருபத்திரண்டு வயது.

சுப்பாத்தாள் சாமி படத்துக்குப் பின்னாலிருந்த மாத்திரை டப்பாவை எடுத்து அவர் சாப்பிடுகிற இடத்தில் வைத்தாள். தினமும் அங்கேயே வைத்தாள். எல்லாம் தெரிந்தவர்கள் எழுதிக் கொடுத்ததை எடுத்து உள்ளே திருப்பி வைத்தது எந்தக் கை என்று அந்த டப்பா அவரைக் கேட்டுக்கொண்டே இருந்தது.

கருமாதி கழிந்து பத்து நாள் இருக்கும். பாண்டியம்மாள் வந்து வாசலில் நின்றாள். நேரே கேட்டுவிட்டாள்.

"அண்ணே, அந்தக் காப்பு சும்மாதான கெடக்கு? எம் பிள்ளைக்குத் தாங்கண்ணே. செத்தவ கையில கெடந்ததுன்னுல்லாம் நான் பாக்க மாட்டேன்."

"அதுல ஒண்ணும் இல்லம்மா. அது இரும்பு. வெறும் இரும்பு. மாத்திரைதான் காப்பாத்திட்டு இருந்துச்சு. நாந்தான் உடச் சொன்னேன். கோயமுத்தூரு டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போ. நானே வண்டி கட்டி பஸ்ஸுக்குக் கொண்டாந்து உடறேன்."

"நீங்கதான அண்ணே சொன்னீக, கைய விட்டுப் போகாம இருக்கணும், அதான் சூட்சுமம்னு?"

"சொன்னேன். தப்பாச் சொன்னேன்."

"ரெண்டு வருசம் வரலல்ல அவளுக்கு?"

"வரல. மாத்திரையாலம்மா."

"ஆஸ்பத்திரியில அதக் கழத்துன பொறகுதான செத்தா?"

கழற்றியது உண்மை. அதன் பிறகு செத்ததும் உண்மை. அந்த இரண்டு உண்மையையும் பிரித்து வைக்கிற சொல் தங்கவேலுவிடம் இல்லை. காப்பை எடுத்து வந்து உள்பக்கத்தைக் காட்டி, "இதப் படி, இதுல போட்டிருக்குது" என்றார். பாண்டியம்மாளுக்கும் படிக்கத் தெரியாது.

"குடுக்க மனசில்லன்னா இல்லன்னு சொல்லுங்கண்ணே. பிள்ளயப் பறிகொடுத்தவக. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு அவர் இரண்டு முறை அவள் வீட்டுக்குப் போனார். டாக்டரின் பழைய சீட்டைக் கொண்டுபோய் அவள் புருஷனிடம் கொடுத்தார். அவன் மரியாதையாக வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் வண்டியைப் பூட்டிக்கொண்டிருந்தபோது, பாண்டியம்மாளின் சின்ன மகள் மாட்டுக்குப் பழத்தோல் கொடுக்க ஓடி வந்தாள். வலது கையில் கறுப்பாகப் புது இரும்பு வளையம். கொல்லுப் பட்டறையில் அடித்தது. கைக்குப் பெரிதாக இருந்ததால் நழுவாமல் துணி சுற்றியிருந்தார்கள். தங்கவேலு அந்தக் கையைப் பிடித்துத் துணியை ஒதுக்கி, உள்பக்கம் கட்டைவிரலை விட்டுத் தடவினார். வழுவழுவென்று இருந்தது.

"என்ன மாமா தேடுறீக?"

"ஒண்ணுமில்ல கண்ணு. மாத்திரை ஏதும் குடுத்தாங்களா?"

"இல்லயே." அவள் கையை உருவிக்கொண்டு மாட்டின் நெற்றியைத் தடவினாள். "இதப் போட்டுக்கிட்டா இனிமே வராதாம். நீங்கதான் சொன்னீகளாம், அம்மா சொல்லிச்சு."