ஒரு தூக்கலுக்கு ஒரு பெயர்

வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து எல்லாரும் "ஆமென்" சொல்லி எழுந்தார்கள். நான் மட்டும் எழவில்லை. வலது முழங்கால் பூட்டுப் போட்டதுபோல் மாட்டிக்கொண்டது. வலியில் கண்ணீர் வழிந்தது. அதைப் பார்த்தவர்கள், எஸ்தர் உருகி ஜெபிக்கிறாள் என்று நினைத்து, மறுபடி முழங்கால் போட்டுப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றாவது சரணத்தில்தான் என் வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வந்தது.

"ஏட்டி, ஜெபமா, வலியா?"

"ரெண்டும்தான். தூக்கி விடுங்க."

மூட்டு ஆபரேஷனுக்கு நாள் குறித்துக்கொண்டு பயந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவள். எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன்.

எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். ராஜபாளையத்தில் ஒரு டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரே பார்த்துவிட்டு மூட்டுத் தேய்மானம் (எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு கரைந்துபோவது) என்றார். மூட்டு மாற்று அறுவை (தேய்ந்ததைச் சீவிவிட்டு உலோகமும் பிளாஸ்டிக்கும் பொருத்துவது) செய்தால் நன்றாக நடக்கலாம் என்றார்.

"பொறவு முழங்கால் போட்டு ஜெபிக்கலாமா சார்?"

"தரையில போடாம இருக்கிறதுதான் நல்லதும்மா. நாற்காலியில உக்காந்து ஜெபிங்க."

எனக்கு அது ஆபரேஷனைவிடப் பெரிய துக்கம். பாய் ஓரத்தில் முழங்கால் போட்ட பிறகுதான் அடுப்படிக்குப் போவது என்று வளர்ந்தவள் நான். உட்கார்ந்து செய்கிற ஜெபம் மேலே போகுமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"நான் பைக் ஓட்டும்போது பின்னால உக்காந்து அம்புட்டு ஜெபிக்கியே, அதெல்லாம் எங்க போச்சாம்?" என்றார். ஆபரேஷனுக்குச் சரி என்றேன்.

ஆபரேஷன் லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) அமைந்தது. எங்கள் வீட்டில் அப்போது கறியும் முட்டையும் கிடையாது. டாக்டரோ புண் ஆறவும் தசை வளரவும் புரதம் வேண்டும், தினமும் முட்டை சாப்பிடுங்கள் என்றார். பார்க்க வந்த போதகர் ஐயாவிடம் கேட்டேன்.

"முட்டையைச் சாப்பிடுங்கம்மா. உடம்பும் ஆண்டவர் கொடுத்ததுதானே. எதையாவது விட்டே ஆகணும்னா பால்கோவாவை விடுங்க."

எங்கள் ஊரில் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு யாரும் வரமாட்டார்கள். அலமாரி நிறையப் பால்கோவா. போதகர் தன் கையிலிருந்த பால்கோவா டப்பாவையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வீட்டுக்காரரிடம் கொடுத்தார்.

அடுத்தது பிசியோதெரபி (உடற்பயிற்சியால் உறுப்பைப் பழக்கும் சிகிச்சை). மல்லாந்து படுத்து, காலை மடக்காமல் தூக்கி, செத்த நேரம் நிறுத்தி, மெல்ல இறக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் பத்துப் பத்துத் தடவை. கால் உரல்போல் கனத்தது. எண்ண எண்ண அலுப்புத்தான் வந்தது. அதனால் ஒரு தூக்கலுக்கு ஒரு பெயர் சொல்லி ஜெபித்தேன். மகள் பெயரைச் சொல்லித் தூக்கிய காலைப் பாதியில் போட மனசு வருமா?

இது தெருவுக்குத் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு வெங்கட்டம்மா மதினி மடவார் வளாகம் சிவன் கோயிலுக்குப் போகிறவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அவர் மகள் லட்சுமி வத்திராயிருப்பில் நிறைமாதமாக இருந்தாள்.

"எஸ்தரு, எங்க லட்சுமி பேருக்கும் ஒரு தூக்கு தூக்கேன்."

பிறகு தையல்காரர் மகனின் பரீட்சை. பால்காரரின் இடுப்பு வலி. வாசலோடு போகிறவர்கள் சன்னல் வழியாகக் கேட்பார்கள்: "என் பேருக்குக் கால் தூக்கியாச்சா?" பத்து இருபதாகி, முப்பதும் தாண்டியது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒருநாள் காலையில் முட்டு பன்போல் உப்பி, தொட்டால் சுட்டது. ராஜபாளையத்துக்கு ஓடினோம். டாக்டர் ஊசியால் நீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். உள்ளே கிருமி புகுந்திருந்தால் மறுபடி திறக்க வேண்டும், பொருத்தியதையே கழற்றவும் நேரலாம் என்றார்.

"பயிற்சி எத்தனை தடவை செய்றீங்க?"

சொன்னேன்.

"பத்துன்னுதானம்மா சொன்னோம்!"

"யாரை விடுறது சார்?"

வீட்டுக்காரர் விஷயத்தை விளக்கினார். டாக்டர் சிரித்துவிட்டார். உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார். "ரிசல்ட் வர்ற வரைக்கும் காலைத் தூக்கக்கூடாது. என் பேருக்குக்கூட."

வீட்டில் ஐஸ் ஒத்தடத்தோடு படுத்துக்கிடந்தேன். மறுபடி கத்தி வைப்பார்களோ என்று பயம். அதோடு, லட்சுமிக்கு நாள் நெருங்கிவிட்டதே, நான் சும்மா கிடக்கிறேனே என்ற தவிப்பு. மதினி வந்ததும் அதைச் சொன்னேன்.

"நல்லா இருக்கு போ! நீ காலைத் தூக்காட்டி உங்க சாமிக்குக் காது கேக்காதாக்கும்?"

வலியோடு சிரித்தேன். அவர் விடவில்லை.

"அது கெடக்கட்டும். உன் முட்டுக்கு எத்தன தூக்கு தூக்குன?"

யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

மதினி என் முட்டின் மேல் கைவைத்து, கண்ணை மூடி, தெலுங்கில் ஏதோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. நல்லதாகத்தான் இருக்கும் என்று "ஆமென்" போட்டேன்.

ரிசல்ட் வந்தது. கிருமி இல்லை, அளவுக்கு மீறிய உழைப்பால் வந்த வீக்கம்தான். அதே வாரம் லட்சுமிக்கும் சுகப்பிரசவம், பெண் குழந்தை. மதினி பால்கோவாவோடு ஓடி வந்தார். ஒரு கிள்ளு மட்டும் எடுத்துக்கொண்டேன்.

இப்போது பெயர்களையெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து, காபி ஆற ஆற, நிதானமாகச் சொல்கிறேன். யாரையும் விட வேண்டியதில்லை. எந்த அவசரமும் இல்லை.

பயிற்சி பத்துக்கு மேல் போவதில்லை. அந்தப் பத்தும் காலுக்கே. உள்ளே இருப்பது உலோகம். ஆனாலும் இத்தனை வருடம் என்னைச் சுமந்த அதே கால். "ஆண்டவரே, இந்தக் கால்" என்று மட்டும் சொல்கிறேன். அது மேலே போகிறது. செத்த நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெல்ல இறக்குகிறேன்.